நோட்டில் அசைந்த கை

கர்த்தருக்குள் அன்பானவர்களே, இது ஜெயித்தவனின் சாட்சி அல்ல. பாதியை இழந்த பிறகு மீதியைக் கெஞ்சி வாங்கியவனின் சாட்சி.

கழக்கூட்டம் என்ற மலையாள ஊரில் நானும் என் மனைவி ஞானமும் மட்டும் இருக்கிறோம். மார்ச் இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு அவள் கையிலிருந்த டீ கிளாஸ் நழுவியது. பக்கவாதம். உயிர் தப்பியது. வலது கை தப்பவில்லை. முதல் சில மாதங்கள் பயிற்சியை விட்டால் கை திரும்பாது என்றார் மருத்துவர். காலை பத்துக்கு அரை மணி, மாலை நாலுக்கு அரை மணி. மேசையில் துண்டை விரித்து, அதன்மேல் அவள் கையைப் பிடித்துத் தள்ளவைக்க வேண்டும்.

எதையும் தேதி போட்டு எழுதிவைப்பவன் நான். புது நோட்டில் கட்டம் போட்டேன். மூன்று வாரம் ஒழுங்காக நடந்தது.

அப்போது சபை வாட்சப் குழுவில் ஒரு தகராறு. எங்கள் ஆலயத்தின் ஓலைக் கூரை மாறி ஓடு போட்டது எந்த வருடம்? பழைய பதிவேடுகளைப் படித்தவன் விடுவேனா? பதில் போட்டேன். அதற்கு மறுப்பு வந்தது. பத்து மணி பன்னிரண்டானது. நாலு மணி ஆறானது. கர்த்தருடைய வேலைதானே என்று சொல்லிக்கொண்டேன். கட்டம் காலியாக இருப்பது எனக்குப் பிடிக்காது. செய்யாத நாளுக்கும் டிக் போட்டேன். ஞாயிறுதோறும் அவள் கைக்காக ஜெப விண்ணப்பமும் கொடுத்தேன்.

ஜூன் கடைசியில், பயிற்சி சொல்லிக் கொடுத்த மலையாளிப் பெண் வந்து நோட்டைப் புரட்டினாள். பிறகு ஞானத்தின் கையைத் தூக்கி விட்டாள். ஈரத்துணி போல விழுந்தது.

"நோட்டுல எல்லாம் சரியாணு அங்கிளே. கைக்கு மட்டும் அது தெரியலை."

அவள் போனதும் குளியலறைக் கதவைச் சாத்தி முழங்காலில் விழுந்தேன். அற்புதம் கேட்டவன் அரை மணி நேரம் கொடுக்கவில்லை. "ஆண்டவரே, அவள் கையைக் கேட்க எனக்கு வாயில்லை. என் கையையாவது இந்தப் போனிலிருந்து எடுத்துவிடும்." வேறு ஜெபம் வரவில்லை.

எழுந்து போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழறிய வாயால் மெதுவாகச் சொன்னாள்.

"எனக்குத் தெரியும். நீங்க டிக் போடுறதைப் பார்த்துக்கிட்டுத்தானே கிடந்தேன்."

அன்றே குழுவிலிருந்து விலகினேன். பத்துக்கும் நாலுக்கும் போனை அரிசி டப்பாவுக்குள் வைத்தேன். ஜூலை முழுவதும் 'அசைவில்லை' என்றே எழுதினேன். ஆகஸ்டிலும் அதுவே. இனி வராது என்று பல நாள் அழுதேன். பயிற்சியை மட்டும் விடவில்லை. அந்தப் பிடிவாதம் என்னுடையதல்ல. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

செப்டம்பர் இரண்டாம் வியாழன், மாலை நாலு இருபது. அன்று போன் மறதியாக மேசையிலேயே இருந்தது. அது அதிர்ந்தது. என் கண் போனது. துண்டு சுருங்கியது. அவள் வலது கை, நான் பிடிக்காமலே, இரண்டு அங்குலம் ஊர்ந்து போனை மூடியது.

"மதியாக்குங்க," என்றாள். போதும் என்கிறாள்.

இனி அந்தக் கையால் எழுதுவதோ பித்தான் போடுவதோ நடக்காது என்கிறார் மருத்துவர். போன வாரங்கள் போனவைதான். அவற்றைத் திருப்பிக் கேட்க எனக்குத் தைரியமில்லை. ஆனால் ஒரு கையை விடுவிக்கக் கேட்டேன். கர்த்தர் இரண்டு கையை அசைத்தார். அவருக்கு ஸ்தோத்திரம்.

உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் உங்களைப் பார்த்துக்கொண்டே கிடக்கலாம். அவருக்காக ஜெபிக்கும் முன் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். வெட்கத்தோடு கேட்பவனையும் கர்த்தர் தள்ளுவதில்லை.

மணி நாலாகிறது. ஞானம் துண்டை விரித்துவிட்டாள். நான் போக வேண்டும்.