ஆமைக்கு எந்தக் கிழமை எண்ணெய்?

எங்கள் வீட்டில் ஆமைக்கு எண்ணெய் தேய்ப்பது வெள்ளிக்கிழமையா, சனிக்கிழமையா என்று ஒரு சண்டை நடந்தது. சண்டை என்றால் சும்மா இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க ஒருவரோடொருவர் பேசாமல் இருக்கும் அளவுக்கு.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கல்யாணமாகி மைசூருக்கு வந்த புதிது. என் வீட்டுக்காரருக்கு ஊர் விளிம்பிலுள்ள ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. இருவருக்குமே சொந்த ஊர், கர்நாடகத்துக்குள்ளேயே தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கம். ஒருமுறை மாதேஸ்வரன் மலைக்குப் போய்விட்டு ஊரில் தங்கியபோது, அவருடைய அண்ணன் கடலைக்காட்டில் களை எடுக்கையில் கிடைத்தது என்று ஒரு ஆமைக்குட்டியைத் துண்டில் முடிந்துகொண்டு வந்து கொடுத்தார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கறுப்பு ஓடு, அதில் மஞ்சள் மஞ்சளாக நட்சத்திரம் போட்டதுபோல் கோடுகள். கொள்ளேகால் வந்து பஸ் மாறி மைசூர் வரும்வரை மஞ்சள் பைக்குள் என் மடியிலேயே இருந்தது. அந்த ஜாதி ஆமையை வீட்டில் வைத்துக்கொள்வது அன்றைக்கும் குற்றம்தான். எங்களுக்குத்தான் தெரியாது. தெரிந்திருந்தால் அண்ணன் அதைத் தொட்டே இருக்க மாட்டார். போலீஸ் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குக் காய்ச்சல் வரும்.

ஆமை வந்தால் வீட்டுக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் நம்புவார்கள். நான் அதைச் சொன்னேன். "அதுவா வந்தாத்தானே புள்ள ஆகாது? இத நாமதானே தூக்கிட்டு வந்தோம்" என்றார் இவர். பிடித்துப்போன விஷயத்துக்கு ஒரு சாக்கு கிடைத்தால் போதாதா?

சரி, எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். இவருக்குச் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்காவிட்டால் அந்த வாரமே விடிந்ததாகக் கணக்கில்லை. முதல் சனிக்கிழமையே கிண்ணத்து நல்லெண்ணெயில் விரலைத் தொட்டு ஆமையின் ஓட்டில் தேய்க்க உட்கார்ந்துவிட்டார். எண்ணெய் வைத்தால் ஓடு உரமாகும் என்பது அவருடைய சொந்த வைத்தியம். எனக்கும் அது சரியாகவே பட்டது. ஆனால் கிழமைதான் சரியாகப் படவில்லை.

"பொட்டையா இருந்தா வெள்ளிக்கெழமதானுங்க தேய்க்கோணும்" என்றேன்.

"பொட்டைன்னு உனக்கு ஆரு சொன்னா? மொகத்தப் பாரு, அச்சு அசல் எங்கண்ணன்."

தலைகீழாகத் திருப்பிப் பார்த்தோம். ஒன்றும் விளங்கவில்லை. ஒரு பகல் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, கடைசியில் யார் மனமும் நோகாமல் ஒரு முடிவுக்கு வந்தோம். வெள்ளிக்கிழமை நான் தேய்ப்பது, சனிக்கிழமை அவர் தேய்ப்பது. பேரும் வைக்கவில்லை. ஆணா பெண்ணா என்று தெரியாமல் என்ன பேர் வைப்பது? குட்டி என்றே கூப்பிட்டோம்.

இரண்டு நாளும் எண்ணெய், வெந்நீர், கண்ணில் படாமல் கொஞ்சம் சீயக்காய். ஓடு கண்ணாடிபோல் மின்னியது. பக்கத்து வீட்டுக்காரிகள் வந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொள்வார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. வெயில் பட்டால் அந்த மினுமினுப்பு போய்விடுமே என்று கட்டிலுக்கடியில் ஒரு கூடையில் வைத்திருந்தேன். எங்களுடையது கீழ்த்தளத்தில் பின்பக்கத்து வீடு. பகலிலேயே டியூப்லைட் போட்டால்தான் அரிசியில் கல் தெரியும். தின்பதற்குத் தக்காளி, வாழைப்பழம், நன்றாகக் குழைத்த தயிர்ச்சோறு. குழந்தைக்கு ஊட்டுவதெல்லாம் அதற்கும் உண்டு.

மாதங்கள் போயின. ஒரு சனிக்கிழமை குளியலறையிலிருந்து இவர் கூப்பிட்ட குரலே சரியாக இல்லை.

"ஏம்புள்ள, இங்க வந்து இதத் தொட்டுப் பாரு."

தொட்டேன். ஓட்டின் பின்பக்கம் கட்டைவிரலை வைத்தால் உள்ளே அமுங்கியது. கீழே விட்டோம். முன்கால்களால் எட்டிப் பிடித்து நகர்ந்தது, பின்கால்கள் இழுபட்டுக்கொண்டு வந்தன. எத்தனை நாளாக அப்படி என்று தெரியவில்லை. மின்னுகிற ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோமே தவிர, அது நடப்பதை நாங்கள் பார்க்கவே இல்லை.

அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எங்களுக்கு முன்னால் ஒரு சினைப்பசு, ஒரு ஆடு, கால் முறிந்த ஒரு நாய். நாங்கள் மஞ்சள் பையோடு நின்றோம். டாக்டர் ஆமையைக் கையில் வாங்கினார். அது வழுக்கிவிடப் பார்த்தது. விரலை மோந்து பார்த்தார்.

"என்னம்மா இது, ஊறுகாய் போடப் போறீங்களா?"

இவர் எண்ணெய்க் குளியலைப் பற்றி விளக்கினார். இரண்டு கிழமை கதையையும் விடவில்லை. டாக்டர் சிரித்தார். அப்புறம் ஓட்டை அமுக்கிப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். ஆமை தனக்கு அதிகம் பழக்கமில்லாத வைத்தியம் என்றும், ஆனால் இது எலும்பு வலுவில்லாத குழந்தைக்கு வரும் வியாதிதான் என்றும் சொன்னார். எண்ணெய் ஓட்டை மினுக்குமே தவிர உரமாக்காது. வேண்டியது வெயில். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் இல்லை, நேராக மேலே விழும் காலை வெயில். பக்கத்திலேயே நிழலும் வேண்டும், சூடு தாங்காவிட்டால் தானே நகர்ந்துகொள்ளும். சோறு, தயிர், பழம் எல்லாம் நிறுத்திவிட்டு அருகம்புல், முருங்கை இலை, செம்பருத்தி இலை கொடுக்க வேண்டும். நாட்டு மருந்துக்கடையில் கடல் நுரை என்று விற்கும் கணவாய் மீன் ஓட்டைச் சுரண்டி இலைமேல் தூவ வேண்டும். தட்டையான தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டால் போதும், குளிப்பாட்டல் கூடாது.

"பொழச்சுக்குமா?" என்று கேட்டேன்.

"ஓடு கெட்டியானா பொழச்சுக்கும். ஆகலைன்னா கஷ்டம். வாரத்துக்கு ஒரு தடவை நகத்தால தட்டிப் பாருங்க. சத்தமே சொல்லும்." அவரே தட்டிக் காட்டினார். ஈரத்துணியில் தட்டியதுபோல் பொத்தென்று கேட்டது.

கிளம்பும்போது இவர் விடாமல் ஆணா பெண்ணா என்று கேட்டார். அது தெரிய இன்னும் பல வருஷம் ஆகும், முதலில் அது உயிரோடு இருக்கட்டும் என்றார் டாக்டர்.

கடல் நுரை மார்க்கெட் பக்கம் கிடைத்தது. முருங்கை தெருமுனையில் இருந்தது. வெயிலுக்குத்தான் வழியில்லை. அந்த வீட்டில் வெயில் விழும் ஒரே இடம் மொட்டை மாடி. மாடி ஓனரம்மாவுடையது. ஓனரம்மாவோடு எனக்குப் பேச்சு கிடையாது.

அவர் கன்னடக்காரர், கணவரை இழந்தவர், அப்பளம் இட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவர். அப்பளம் காயும் இடம் என்பதால் குடியிருப்பவர்கள் மாடிப்படியில் காலே வைக்கக்கூடாது. வந்த புதிதில் அது தெரியாமல் நான் மிளகாய் காயப்போட்டுவிட்டேன். அள்ளிக்கொண்டுவந்து என் வாசலில் வைத்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வாயும் கொஞ்சம் நீளம். ஹனூரில் கற்ற கன்னடம் முழுவதையும் அன்று ஒரே மூச்சில் செலவழித்தேன். அதிலிருந்து வாடகை கொடுப்பதுகூட இவர்தான்.

"நான் போயிக் கேட்டுப் பாக்கறேன்" என்றார் இவர்.

"வேண்டாம். வாய விட்டது நானு. நானே போறேன்."

கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது. நாங்கள் பேசியது கன்னடத்தில்தான், அவர் வாய்க்கு வாய் சொல்லும் 'கணம்மா'வைத் தவிர மற்றதை இங்கே தமிழில் எழுதுகிறேன். விஷயத்தைச் சொன்னேன்.

"ஆமையா? என் மாடியிலயா? அப்பளத்து மேல நடக்கும். அதோட, ஆமை வீட்டுக்கு ஆகாது கணம்மா."

இவர் சொன்ன சாக்கையே நானும் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் ஆமையை அவர் கையில் வைத்தேன். "தொட்டுப் பாருங்கம்மா" என்றேன்.

மாவு ஒட்டிய கட்டைவிரலால் மெல்ல அமுக்கினார். அமுங்கியதும் சுட்டதுபோல் விரலை எடுத்துக்கொண்டார்.

"அய்யோ, கைக்குழந்தை உச்சி மாதிரில்ல இருக்கு!"

ஆமையை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் சொன்னார்: "பத்து மணிக்கு நான் அப்பளம் காயப் போடுவேன். அதுக்குள்ள கீழ எடுத்துட்டுப் போயிடணும்."

மறுநாள் காலையிலிருந்து மாடிக்குப் போனேன். காக்கைக்கும் பருந்துக்கும் பயந்து ஒரு குச்சியோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். நாட்டு ஓடு ஒன்றைச் சாய்த்து நிழல் செய்திருந்தேன். ஓனரம்மா மறுகோடியில் பலகை போட்டு அப்பளம் இடுவார். ஒரு வார்த்தை இல்லை. குட்டி மட்டும் வெயிலில் கழுத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். ஒரு நாள் அவரே பேசினார். "நிழல் நகர்ந்து போச்சு பாரு. ஓட்டைத் திருப்பி வை." மிளகாயைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பத்து மணிக் கெடுவும் எப்படியோ காணாமல் போயிற்று.

சனிக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தோடு ஆமைக்கு இருந்த உறவு முடிந்தது. இவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். அதற்குப் பதிலாக நகத்தால் தட்டிக் காதை வைத்துக் கேட்கும் வேலையை எடுத்துக்கொண்டார். பொத். பொத். வாரா வாரம் அதே சத்தம். மழைக்காலத்தில் வெயில் இல்லாமல் மூக்கில் நுரை வந்தது. மரப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்தோம். அந்தக் குளிரில் அது இலையைத் திரும்பிக்கூடப் பார்க்காத நாட்களில், போய்விடும் என்றே நினைத்தேன். போய்விட்டால் நான் தாங்க மாட்டேன் என்றும் தெரிந்தது.

மழை விட்டதும் பின்கால்கள் ஊன்றத் தொடங்கின. அந்தச் சமயத்தில் என் தம்பி கல்யாணத்துக்கு நான் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. இவருக்கு ஷிஃப்ட். "நீ போய்ட்டு வா" என்றார் ஓனரம்மா. திரும்பி வந்து மாடிக்குப் போனால், அப்பளம் காய்ந்த இடத்தில் பாதியைக் காணோம். செங்கல் அடுக்கி, மண் கொட்டி, அருகம்புல் நட்டிருந்தார். குட்டி அதற்குள் நடந்துகொண்டிருந்தது. என்னைத் தாண்டிப் போய் பித்தவெடிப்புக்கு மருதாணி இட்டிருந்த ஓனரம்மாவின் கால்விரலைச் செம்பருத்திப் பூ என்று நினைத்துக் கவ்வப் பார்த்தது. அவர் கூச்சப்பட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளே சுருக்கென்றது.

அடுத்த மழைக்காலமும் கடந்த பிறகு, ஒரு சனிக்கிழமை இவர் தட்டியபோது டக் என்றது. மறுபடி தட்டினார். டக். ஓனரம்மாவைக் கூப்பிட்டோம், அவரும் தட்டிப் பார்த்தார். மூன்று பேரும் ஒரு ஆமையைச் சுற்றி உட்கார்ந்து மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

பிறகு இவருடைய வேலைக்குப் பக்கமாக ஹெப்பாளுக்கே குடிபோனோம். நடு மாடி வீடு. ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர். குட்டியை என்னோடுதான் கொண்டுபோனேன். என் ஆமை, விட்டுவிட்டு வருவேனா? ஓனரம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு பை நிறையச் செம்பருத்தி இலை பறித்துக் கொடுத்தார்.

கொஞ்ச நாளில் அது தின்பதைக் குறைத்தது. மூலையில் தலையை உள்ளிழுத்துக் கிடந்தது. ஒவ்வொரு நாளும் கட்டைவிரலை வைத்து அமுக்கிப் பார்ப்பேன். ஓடு இன்னும் கெட்டியாகத்தான் இருந்தது. அது மறுபடி அமுங்கும் வரைக்கும் காத்திருக்கப் போகிறேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். மறுநாள் அட்டைப்பெட்டியில் வைத்து பஸ் ஏறினேன். வழியெல்லாம் அழுகை. ஓனரம்மா கதவைத் திறந்தார், பெட்டியைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டு நேராக மாடிப்படி ஏறினார். உள்ளதைச் சொல்கிறேன், அன்று எனக்கு அந்த அம்மாவைப் பிடிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு தீபாவளிக்கும் யுகாதிக்கும் போய்ப் பார்ப்போம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதாகியிருக்கும். என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாது.

தொண்ணூறுகள் முடியும் தறுவாயில் ஒரு மதியம், கீழ் வீட்டுக்காரர்கள் உங்களுக்கு ஃபோன் என்று கூப்பிட்டார்கள். ஓடினேன். ஓனரம்மா. மூச்சு வாங்கியது அவருக்கு.

"மண்ணைத் தோண்டிட்டே இருந்துச்சு கணம்மா. என்னவோன்னு பார்த்தேன். முட்டை! வெள்ளை வெளேர்னு ஒரு முட்டை!"

துணை இல்லாமல் இட்ட முட்டை, பொரிக்காது என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் பெண்தான், அப்படியானால் நான் சொன்னதுதான் சரி, வெள்ளிக்கிழமைதான். இத்தனை வருஷம் இவரிடம் சொல்லிக் காட்டக் காத்திருந்த பேச்சு அது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஓடு கெட்டியா இருக்காம்மா?"

அந்தப் பக்கம் ரிசீவரைக் கிடத்தும் சத்தம். மாடிப்படி ஏறி இறங்கும் காலடி ஓசை. பிறகு ரிசீவருக்கு வெகு பக்கத்தில், நகத்தால் தட்டும் சத்தம் கேட்டது.

டக். டக்.