கோட்டை விடுகிறவர்

படகுத் துறையின் மிதவை மேடை விளிம்பில் கயிறு பிடிக்கும் ஊழியர் ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே வைத்து, கைக்குழந்தையை வாங்கப் போகிறவர் மாதிரி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்கிறார். எதிரே ஒரு பாய்மரப் படகு வந்துகொண்டிருக்கிறது. சுக்கானைப் பிடித்திருப்பவன் கணவன். முன்முனையில் கயிற்றுச் சுருளோடு நிற்பவள் மனைவி. அவன் தலையில் தங்கப் பின்னல் வைத்த தொப்பி, அவள் முகத்தில் கலவரம். "இன்னும் பக்கத்துல வரட்டும், அவசரப்படாதீங்க" என்று இவர் முணுமுணுக்கிறார். அவர்களுக்குக் கேட்காது, கேட்டாலும் புரியாது. அவள் வீசிய கயிறு ஒரு முழம் முன்னாலேயே தண்ணீரில் விழுகிறது.

கணவன் வாயைத் திறக்கிறான். அதற்குள் இவர் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து, காற்றில் இல்லாத கயிற்றைப் பிடித்து, நழுவவிட்டு, முட்டி தேய விழுந்து எழுந்து, தலையில் அடித்துக்கொள்கிறார். "சாரி சார்! சாரி மேடம்! கைக்கு வந்துச்சு, விட்டுட்டேன்!" சாரி என்பது எந்தத் தேசத்துக்காரருக்கும் புரிகிற வார்த்தை. மனைவியின் பக்கம் திரும்பியிருந்த வாய் இப்போது இவர் பக்கம் திரும்புகிறது. மனைவியும் சேர்ந்துகொள்கிறாள். கரை சேர்ந்து இறங்கும்போது இருவரும் ஒரே குரலில், ஒரே சுருதியில் இவரைத் திட்டிக்கொண்டு தோளோடு தோள் உரச நடந்து போகிறார்கள். இவர் முட்டியைத் தடவிக்கொண்டு அடுத்த படகுக்குத் தயாராகிறார்.

இந்த உல்லாசப் படகுத் துறையில் அவருடைய வேலை, தீவுக்கு வந்து சேரும் படகுகளின் கயிற்றைப் பிடித்து மேடையிலிருக்கும் இரும்புக் கொம்பில் கட்டுவது. கட்டிய பிறகு தண்ணீர்க் குழாயைக் காட்டுவார், மின்சார இணைப்பை மாட்டிக்கொடுப்பார், குளியலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் எந்தப் பக்கம் என்று கை நீட்டுவார். பிடிக்க வேண்டியதையெல்லாம் இப்படிக் கோட்டை விடுகிறாரே என்று சக ஊழியர்கள் அவருக்குக் 'கோட்டை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் இப்போது திரும்பியும் பார்க்கிறார்.

அவரைப் பற்றிய புகார் வராத வாரமே இல்லை. மேலாளர் அறைக்குக் கூப்பிட்டு, "கண்ணு தெரியலையாய்யா உனக்கு?" என்று எகிறுவார். இவர் கையைக் கட்டிக்கொண்டு, "தெரியுது சார். கொஞ்சம் ஜாஸ்தியாவே தெரியுது" என்பார். ஆனாலும் வேலையை விட்டு யாரும் அவரை அனுப்பியதில்லை. புகார் எழுதிக் கொடுத்த அதே தம்பதி மறு வருஷமும் இதே துறைக்குத்தான் வருகிறார்கள், வந்து இறங்கியதும் "அந்த உருப்படாத ஆள் இன்னும் இருக்கிறானா?" என்று ஆசையாக விசாரிக்கிறார்கள் என்பது மேலாளருக்கும் தெரியும்.

கடலில் நாட்கணக்காகக் கொஞ்சிக்கொண்டு வருகிற ஜோடிகூட கரைக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது கீரியும் பாம்புமாகிவிடும் என்பது கோட்டையாரின் ஆராய்ச்சி முடிவு. "சுக்கான் கையில இருக்கிறவனுக்கு மேடை தெரியாது. கயிறு கையில இருக்கிறவளுக்கு இஞ்சின் தெரியாது. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு படகு நீளத்துக்குத் தூரம். கத்தாம என்ன பண்ணுவாங்க?" என்பார். கத்துகிறவர்களைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. ஒருமுறை ஒரு தம்பதி ஒரு சொல் பேசாமல், கை ஜாடையிலேயே பூப்போலப் படகைக் கொண்டுவந்து ஒட்டினார்கள். மேடையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். இவர் மட்டும் தட்டவில்லை. "முந்தின துறையிலேர்ந்தே பேச்சுவார்த்தை கிடையாது போல" என்றார். அப்படித்தான் இருந்தது. சாயங்காலம் அவர்கள் ஆளுக்கொரு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

சண்டை தீர்ந்ததா இல்லையா என்பதை அவர் முகத்தில் தேடுவதில்லை. படகுகளுக்குள் செருப்போடு ஏறக்கூடாது என்பதால் மேடையில் ஒவ்வொரு படகுக்கும் ஒரு கூடை வைத்திருக்கிறார்கள். இறங்குகிற கணவன் குனிந்து கூடையிலிருந்து மனைவியின் செருப்பை எடுத்து அவள் முன்னால் வைத்தால் கதை சுபம். தன் செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு போனால் இன்னும் நாலு நாளைக்குக் கடைத்தெருப் பக்கம் அவர்கள் தனித்தனியாகத்தான் தென்படுவார்கள்.

இந்த வித்தையெல்லாம் வாசல் காவலாளிக்கு வராது. அவர் நல்ல மனிதர்தான், ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடும் வியாதி உள்ளவர். கோட்டையார் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நாள் அவர்தான் கயிறு பிடித்தார். கயிறு குறைந்து விழுந்தது. "சார், மேடம் நல்லாத்தான் போட்டாங்க. நீங்கதான் தள்ளி நிறுத்திட்டீங்க" என்று கை ஜாடையோடு நியாயத்தை எடுத்துச் சொன்னார். அந்தப் படகு திரும்பிப் போகும்போது மனைவி அதில் இல்லை. விமானத்தில் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தால் கோட்டையாருக்கு அன்றைய படகுகளை மறுபடியும் ஓட்டியாக வேண்டும். முன்னறையில் மனைவி தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து படகு மெத்தைகளுக்கு உறை தைத்துக்கொண்டிருப்பார். இவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதையே சுக்கானாகப் பிடித்துக்கொண்டு கணவனாகக் கத்துவார், துண்டைச் சுருட்டி வீசி மனைவியாகத் திகைப்பார், கடைசியில் தானே தானாகித் தரையில் முட்டிபோடுவார். அந்த அம்மாள் வாய் நிறையக் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு "ம்" கொட்டுவார். குண்டூசி வாயில் இருக்கும்வரை அந்த வீட்டில் யாருக்கும் பயமில்லை. ஒவ்வொன்றாக எடுத்து மெத்தையில் குத்தத் தொடங்கினால்தான் உஷாராக வேண்டும்.

அன்று இவர் கொஞ்சம் நீட்டிவிட்டார். கதை முடிந்ததும் வழக்கமான முத்தாய்ப்பை வைத்தார்: "படிச்சவன், பணக்காரன், என்ன கத்து கத்தறான்! கல்யாணமான நாள்லேர்ந்து நான் உன்னை ஒரு வார்த்தை சத்தமா பேசியிருக்கேனாம்மா?"

குண்டூசிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"நாம என்னிக்குங்க படகுல ஏறினோம், நீங்க சத்தம் போடறதுக்கு?"

கோட்டையார் தரையிலிருந்து எழுந்தார். "அப்படின்னா, ஏறினா நானும் கத்துவேன்னு சொல்றியா?"

"நான் ஒண்ணும் சொல்லல. ஏறிப் பாத்தாத்தானே தெரியும்."

"ஏறிப் பாப்போம்! ஒரு வார்த்தை உசந்துச்சுன்னா என் பேரை மாத்திக்கறேன்."

"உங்க பேரை ஏற்கெனவே மாத்திட்டாங்க" என்றார் அந்த அம்மாள். "சத்தம் போட்டீங்கன்னா ஊரான் பொண்டாட்டிங்க கதை இனிமே இந்த வீட்டுல வேண்டாம். அவ்வளவுதான்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அவருக்கு அப்போதே உறைத்துவிட்டது. அந்தக் கதை இல்லாவிட்டால் சாயங்காலம் என்று ஒன்று அவருக்கு எதற்கு? பகலெல்லாம் திட்டு வாங்குகிற மனிதர் கைதட்டு வாங்குகிற ஒரே மேடை அந்த முன்னறை. அங்கே இருக்கும் ஒரே ரசிகையும் கையை விட்டுப் போனால் மனிதர் என்ன செய்வார்?

வாய்ப்பும் வசமாக வந்து சேர்ந்தது. மழைக்காலம் தொடங்குவதற்கு முன் துறையில் படகுகள் குறைந்து கிடக்கும் நாட்களில், ஊழியர்கள் குடும்பத்தோடு ஒரு சுற்றுப் போய்வரத் துறையின் வெள்ளை மோட்டார் படகைக் கொடுப்பது அங்கே வழக்கம். ஓட்டும் அனுமதி கோட்டையாரிடம் இருந்தது. ஆனால் அவர் அதுவரை ஓட்டியது மிதக்கும் குப்பையை வாருகிற தட்டைப் படகு. அது எங்கே இடித்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். வெள்ளைப் படகு இப்போதுதான் புது வர்ணம் பூசி வந்திருந்தது. "ஒரு கீறல் விழுந்துச்சு, தொலைச்சுப்புடுவேன்" என்று மேலாளர் சாவியைக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் செருப்பைக் கூடையில் போட்டுவிட்டு ஏறினார்கள். அந்த அம்மாள் உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்ட கையோடு இருக்கையைத் தடவிப் பார்த்து, "யாரு தைச்சது இது? கோணல்மாணலா ஓட்டியிருக்காங்க" என்றார். அதைத் தவிர வேறு குறை சொல்லவில்லை. அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டிப் போனார்கள், தூரத்தில் மழை இறங்குவதைப் பார்த்தார்கள், மீன் துள்ளுவதைப் பார்த்தார்கள். கோட்டையார் தேனாகப் பேசினார். "கண்ணு கூசுதாம்மா?" "தண்ணி தெறிக்குதாம்மா?" பந்தயத்தில் ஜெயித்தாகிவிட்டது என்றே நினைத்திருந்தார், துறையை நோக்கிப் படகைத் திருப்பும்வரை.

கீறல் பயத்தோடு தண்ணீரிலிருந்து அந்த மேடையை அவர் அதற்கு முன் இப்படிப் பார்த்ததே இல்லை. மேலே நின்றுகொண்டிருந்தால் அகலமாகத் தெரிகிற மேடை இங்கிருந்து ஒரு பலகை. படகு நிற்கிற மாதிரியும் மேடைதான் பாய்ந்து வருகிற மாதிரியும் இருந்தது. விளிம்பில் காவலாளி, கோட்டையாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டபடியே ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே வைத்துக் கைகளை நீட்டிக்கொண்டு நின்றார். இந்த ஆள் எதற்குக் குறுக்கே நிற்கிறான் என்று கோட்டையாருக்கு எரிச்சல் வந்தது. முன்முனையில் மனைவி கயிற்றுச் சுருளோடு, துணி அளக்கிற கவனத்தோடு தூரத்தை அளந்துகொண்டிருந்தார்.

"இப்ப போடாதம்மா" என்றார் கோட்டையார். அது வரைக்கும் சரி. "இப்ப போடு. இப்பன்னா இப்ப! அய்யோ, அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்! என்னத்தைப் பாத்துக்கிட்டு நிக்கற? கயிறுடி! கயிறு!"

கயிறு ஒரு முழம் முன்னாலேயே தண்ணீரில் விழுந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் வராத அந்த 'டி' துறை முழுக்கக் கேட்டது. பக்கத்துப் படகில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சமையல்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, அவசரமாகத் துணிக்குப் பின்னால் மறைந்தார். கோட்டையார் இஞ்சினை அணைத்தார். பாவம், அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. இத்தனை கணவன்மார்களுக்காகத் தரையில் விழுந்து முட்டி தேய்ந்த மனிதர், தான் கத்தியபோது விழுவதற்கு ஓர் ஆள் இல்லாமல் நின்றார்.

ஆள் இருந்தார், ஆனால் தப்பான ஆள்.

"அண்ணே, அண்ணி நல்லாத்தான் போட்டாங்க" என்றார் காவலாளி, உள்ளதை உள்ளபடி. "நீங்கதான் தள்ளி நிறுத்திட்டீங்க."

முன்முனையில் நின்ற அந்த அம்மாள் திரும்பிக் கணவனைப் பார்த்தார். பிறகு காவலாளியைப் பார்த்தார். நனைந்த கயிற்றை மெதுவாக இழுத்துச் சுருட்டினார். குண்டூசி எதுவும் வாயில் இல்லை என்பது கோட்டையாருக்கு அங்கிருந்தே தெரிந்தது.

"ஏன் தம்பி" என்றார் அந்த அம்மாள். "கையை இன்னும் கொஞ்சம் நீட்டியிருந்தா என்னவாம்? கைக்கு வந்த கயிறு. கோட்டை விட்டுட்டு எங்க வீட்டுக்காரரைக் குத்தம் சொல்றீங்களே!"

காவலாளி திகைத்துப் போய்த் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டார்.

"அதானே!" என்று கோட்டையாருக்கு உயிர் வந்தது. "நானும் பாத்தேன். கைக்குத்தான் வந்துச்சு!"

"பிடிக்கத் தெரியாதவங்களை எதுக்கு நிக்க வைக்கறாங்க?"

"மேலாளர்கிட்ட சொல்லணும்மா. இதை விடக்கூடாது."

இரண்டாவது வீச்சில் கயிறு காவலாளியின் மார்பிலேயே போய் விழுந்தது. அவர் மறு பேச்சு பேசாமல் இழுத்துக் கட்டினார். படகு கீறல் இல்லாமல் ஒட்டியது. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். இறங்கும்போதும் காவலாளி நிற்கிற விதம், பார்க்கிற விதம், வளர்ந்த விதம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பேசினார்கள். அவர் காதில் விழாத தூரம் வந்ததும் கோட்டையார் குரலைத் தாழ்த்தினார்.

"நான் கொஞ்சம் சத்தமா…"

"அடிச்ச காத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க" என்றார் அந்த அம்மாள். துறையின் கொடிகள் எல்லாம் காயப்போட்ட துண்டு மாதிரி அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

சாயங்காலம் சாயங்காலம் "ம்" கொட்டியவர் ஒரு கதையையும் விடாமல் கேட்டிருக்கிறார் என்பது கோட்டையாருக்கு அப்போதுதான் புரிந்தது. குனிந்து கூடையிலிருந்து மனைவியின் செருப்புகளை எடுத்தார். உள்ளங்கையால் மணலைத் தட்டினார். இரண்டையும் ஜோடியாக அந்த அம்மாளின் காலுக்கு முன்னால் வைத்தார், பதற்றத்தில் இடதை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமுமாக.

அந்த அம்மாள் குனிந்து பார்த்தார். உதடுகளுக்கு நடுவே குண்டூசிகளைக் கவ்வியிருப்பவர் மாதிரி வாயை இறுக்கி மூடிக்கொண்டார். பிறகு கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டு, கால்களைக் குறுக்கே மாற்றி வைத்து, செருப்புகளைச் சரியாக மாட்டிக்கொண்டார்.