படித்துக் காட்டு

அச்சகத்தில் அவளுக்குப் பெயரே ஒற்றக்காதான். 'வேலைக்கு போனான்' என்று எவனாவது எழுதிவிட்டால் போதும், "நடுவுல இருந்த 'ப்' எங்கேப்பா? தின்னுட்டியா?" என்று கேட்டே விடுவாள். இருபத்தொன்பது வருடமாக மெய்ப்புப் பார்க்கிறாள். ஒற்று என்றால் வேவு என்றும் ஒரு பொருள் உண்டே, அதுவும் பொருத்தம்தான். வெளியூருக்குப் போன மகன் எழுதிய முதல் கடிதத்தைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பியவள். பாவம், அன்றிலிருந்து அவன் போனில்தான் பேசுகிறான்.

அப்படிப்பட்டவளுக்குக் கண்ணில் வந்தது வினை. ஓரத்தில் எல்லாம் தெரியும். எந்த எழுத்தைப் பார்க்க நினைக்கிறாளோ அது மட்டும் மங்கிவிடும். "இதுக்கு மேல மோசமாகாம பாத்துக்கலாம். போனது வராது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன மாதம் ஒரு புத்தகத்தின் அட்டையிலேயே பிழை அச்சாகிவிட்டது. முதலாளி அவளைவிடப் பத்து வயது சின்னவர், திட்டவில்லை. "அக்கா, திங்கட்கிழமைலேர்ந்து வேற ஒருத்தரை வரச் சொல்லியிருக்கேன். நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார். திட்டியிருந்தாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"கண்ணுதானே போச்சு, காது இருக்குல்ல?" என்றாள். "சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க. உங்க முன்னாடியே ஒரு பக்கம் பாத்துக் காட்டுறேன். ஒண்ணே ஒண்ணு விட்டாலும் நானே கிளம்பிடுறேன்."

முதலாளி தலையை ஆட்டினார். மறுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

காதால் பிழை பார்ப்பது ஒன்றும் புது யோசனை இல்லை. இரண்டு மாதமாகவே இரவில் கணவர் படிக்க, இவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவர் பஸ் ஓட்டுகிறவர், தங்கமான மனுஷன். அதுதான் தொல்லை. தாளில் ஒற்று விட்டுப்போயிருந்தாலும் அவர் வாய் அதைச் சேர்த்தே படித்துவிடும். இருபத்தொன்பது வருடம் இவளோடு குடித்தனம் நடத்தியவருக்குப் பிழையாகப் படிக்கவே வராது! அட்டையில் நடந்ததும் அதேதான். இரக்கமே இல்லாமல், உள்ளதை உள்ளபடி படிக்கிற ஒரு ஜென்மம் அவளுக்கு வேண்டியிருந்தது.

அதை லேஅவுட்காரர் கண்டுபிடித்தார், அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிறவர். தமிழை வாசித்துக் காட்டுகிற ஒரு மென்பொருள். அச்சகத்தில் இருந்ததெல்லாம் லினக்ஸ் கம்ப்யூட்டர்கள். தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து, 'படித்துக்காட்டு' என்று ஒரு ஃபோல்டரில் போட்டுப் பென் டிரைவில் கொடுத்தார். உள்ளே ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது, அதை ஓட்டினால் கட்டளைகளை வரிசையாகச் செய்து அதுவே நிறுவிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு, மனைவிக்குப் பிரசவம் என்று லீவில் போய்விட்டார்.

ஒற்றக்கா ஃபோல்டரைத் தன் கம்ப்யூட்டருக்கு மாற்றினாள். பெயரைப் பார்த்தாள். துணைவினையைச் சேர்ப்பதா பிரிப்பதா என்பதில் ஆளுக்கொரு கட்சி. அவள் பிரிக்கும் கட்சி. கை சும்மா இருக்குமா? 'படித்துக் காட்டு' என்று இடம் விட்டுத் திருத்தினாள். பிறகு ஸ்கிரிப்டை ஓட்டினாள்.

அனுமதி இல்லை என்றது கம்ப்யூட்டர்.

"என் மேசையில உக்காந்துக்கிட்டு எனக்கே அனுமதி இல்லைங்குது" என்று லேஅவுட்காரருக்குப் போன் செய்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தபடியே அவர் ஒரு கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொன்னார். அடித்தாள். அந்தப் பிழை போயிற்று. வேறொன்று வந்தது. அப்படி ஒரு கோப்போ ஃபோல்டரோ இல்லையாம்.

"என் மெஷின்ல நல்லா ஓடுச்சே அக்கா! ஏதாவது மாத்தினீங்களா?"

"ஒண்ணும் மாத்தல."

சத்தியமாக அவள் பொய் சொல்லவில்லை. திருத்துவது எப்படி மாற்றுவதாகும்?

வெள்ளிக்கிழமை முழுக்க மல்லுக்கட்டினாள். பென் டிரைவிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக எடுத்துப் போட்டாள், மறக்காமல் பெயரைத் திருத்தினாள், ஓட்டினாள். அதே பிழை. சாயங்காலம் குழாயடியில் முகம் கழுவும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதாள். அழுதுவிட்டு, "இது ஜெயிக்கிறதா, நான் ஜெயிக்கிறதான்னு பாத்துடுறேன்" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் வந்து உட்கார்ந்தாள். திரையில் எழுத்தைக் கட்டைவிரல் அளவுக்குப் பெரிதாக்கினாள். இவ்வளவு நேரமும் 'இல்லை' என்பதையே பார்த்து எரிச்சல்பட்டிருந்தாள். இப்போது மெய்ப்புப் பார்ப்பதுபோல வரியை ஓரக்கண்ணால் ஒவ்வோர் எழுத்தாகத் தடவிக்கொண்டு போனாள். எந்தக் கோப்பு இல்லை என்கிறது? 'படித்துக்'. அதோடு முடிந்திருந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வருமொழி இல்லாமல் ஒற்று எப்படி மிகும்? பின்னால் 'கா' வந்தால்தானே முன்னால் 'க்'குக்கு வேலை? அடுத்த வரியைப் பார்த்தாள். 'காட்டு' என்று ஒன்றும் இல்லையாம்! லேஅவுட்காரருக்குப் போன் போட்டாள்.

"தம்பி, இது ஒரு பேரை ரெண்டா வெட்டி, ரெண்டையும் தனித்தனியா தேடுது!"

"அக்கா... ஃபோல்டர் பேருல இடம் விட்டீங்களா?"

"திருத்தினேன்."

"அடக் கடவுளே!" அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இடம் வந்தா அதுக்குப் பேரு முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். ஸ்கிரிப்ட்ல டாலர் குறி போட்ட வார்த்தையிலதான் ஃபோல்டர் பேரு வந்து உக்காரும். அதுக்கு ரெண்டு பக்கமும் ரெட்டை மேற்கோள் போட்டிருந்தா, மொத்தமும் ஒரே பேருன்னு எடுத்துக்கும். எழுதினவன் போடாம விட்டுட்டான். அது கிடக்கட்டும், நீங்க பேரைச் சேர்த்துடுங்க. ஒரு நிமிஷ வேலை."

"அவன் மேற்கோள்குறியை விட்டதுக்கு நான் தமிழைக் கெடுக்கணுமா? போனை வை. போய்ப் பொண்டாட்டியைப் பாரு."

ஸ்கிரிப்டைத் திறந்தாள். டாலர் குறியைத் தேடித் தேடி மேற்கோள் போட்டாள். பதினோரு இடம். ஓட்டினாள். முப்பத்தெட்டாம் வரியில் பிழை என்றது. ஒன்றை விட்டிருக்கிறாள்! மணி பதினொன்றரை. கழுத்தைச் சாய்த்து, கண்ணைத் திருப்பி, அந்த வரியை ஓரப்பார்வைக்குள் கொண்டுவந்தாள். இருந்தது, பன்னிரண்டாவது. போட்டாள். ஓட்டினாள்.

திரையில் வரிகள் மளமளவென்று ஓடி நின்றன. கரகரவென்று, ஏற்ற இறக்கமே இல்லாத ஒரு குரல் 'வணக்கம்' என்றது. அவளுக்கு அதைவிட இனிய குரல் உலகத்தில் இல்லை.

மத்தியானம் முதலாளி வந்தார். அடுத்த நாவலிலிருந்து ஒரு பக்கத்தை அவரே கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுத்தார். அதன் அச்சுப் பிரதியைத் தன் கையில் வைத்துக்கொண்டார். ஒற்றக்கா கண்ணை மூடிக்கொண்டாள். குரல் படித்தது. அவள் நாலு இடத்தில் நிறுத்தினாள். நாலும் முதலாளி முன்பே பென்சிலால் குறித்து வைத்திருந்தவை. அவ்வளவுதான் என்று அவர் தாளை மடிக்கப் போனார்.

"இருங்க. முடியல." கடைசி வரியைத் திரும்பப் படிக்கவைத்தாள். "'கை குழந்தை'ங்குது பாருங்க. 'க்' எங்கே?"

முதலாளி தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். இரண்டு நல்ல கண்ணும் அதைத் தாண்டிப் போயிருந்தன. பிறகு போனை எடுத்து எதையோ அடித்தார்.

"யாருக்கு?"

"திங்கட்கிழமை வரச் சொன்னவருக்கு. வர வேண்டாம்னு."

"'வர வேண்டாம்'னு பிரிச்சுத்தானே அடிச்சீங்க?" என்றாள் ஒற்றக்கா.

முதலாளி திரையைப் பார்த்தார். அனுப்பப் போன விரலைப் பின்னுக்கு இழுத்து, நடுவில் இடம் விட்டார்.