அவனுக்கு நான் கொடுத்த நற்சான்று

சிரேஷ்ட மென்பொருள் பொறியியலாளர் வேலைக்கு மூன்று நேர்முகத் தேர்வுகள் முடிந்து, "உங்களை எடுக்கவில்லை" என்று இன்று காலை மின்னஞ்சல் வந்தது.

மத்தியானம் பஸ் மண்டைதீவைத் தாண்டும்போது அதே கொம்பனியிலிருந்து அழைப்பு. மனம் மாறிவிட்டார்களாக்கும் என்று எழுந்தே நின்றுவிட்டேன்.

"கஜன் நற்சான்றுக்கு உங்கட பேரைத் தந்தவர். நீங்கள் கேட்ட அதே வேலைக்கு அவர் சரிவருவாரோ?"

கஜன் என்னிடம் வேலை பழகியவன். "என்ன கேட்டவங்கள் அண்ணை?" என்று போன கிழமை விசாரித்தபோது, கேள்விகளைப் பதிலோடு சொல்லிக்கொடுத்தவனும் நான்தான்.

நின்றபடியே கம்பியைப் பிடித்தேன். பஸ்ஸே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஓம், நல்ல கெட்டிக்காரன்."

"உங்கட சொல்லே எங்களுக்குப் போதும்."

என் சொல் போதுமாம். நான் மட்டும் போதாதாம்!

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? கஜனும் இந்தப் பதிவைப் பார்ப்பான், பார்த்து எழுதுங்கோ.