நைனாவின் வண்டிக்கு ஒரு ஹார்ட் டிஸ்க்

அந்த கம்ப்யூட்டரை வாங்கியவள் நான். காசு என்னுடையது, அதை வைத்திருக்கும் மேசை என்னுடையது, அதில் துப்பாக்கி தூக்கிக்கொண்டு ஓடிச் சுட வேண்டும் என்ற ஆசையும் என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் பில் போடும் வேலை எனக்கு. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கிராஃபிக்ஸ் கார்டு ஓர் இடத்தில், ரேம் இன்னோர் இடத்தில் என்று எல்லாம் பழையதாகப் பொறுக்கிச் சேர்த்த மெஷின். சேர்த்து முடித்து இரண்டு மாதம் நிம்மதியாக விளையாடினேன். அப்புறம் நைனா வந்து உட்கார்ந்தார்.

நைனா என்றால் என் அப்பா. முப்பது வருஷம் துறைமுகத்துக்கு ட்ரெய்லர் ஓட்டியவர். ஒன்றுகூட சொந்த வண்டி கிடையாது, எல்லாம் அடுத்தவருடையது. கண்ணில் அழுத்தம் ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னார். பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே வருமாம், போனது திரும்பாதாம், சொட்டு மருந்தை ஒழுங்காக விட்டால் மிச்சம் இருப்பது கொஞ்ச காலம் நிற்குமாம். வண்டியைத் தொடவே கூடாது என்றார். அன்றைக்கு நைனா லைசென்ஸை பீரோவில் வைத்துப் பூட்டினார். பிறகு எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம்கூடப் போகவில்லை, அங்கே ட்ரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும் என்பதால். வீட்டிலேயே உட்கார்ந்து அம்மாவின் உயிரை வாங்கினார். ரசத்தில் உப்பு அதிகம், ஃபேன் சத்தம் போடுகிறது, பக்கத்து வீட்டுக்காரன் பைக்கைக் கோணலாக நிறுத்துகிறான். அதைக் காது கொடுத்துக் கேட்க முடியாமல்தான் லாரி ஓட்டும் கேம் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

கேமுக்குள் ஸ்டீரிங்கை நம் ஊர் வண்டிபோல வலது பக்கம் மாற்றி வைக்கச் சொன்னார். கையில் பிடிக்க, மேசையில் மாட்டும் பிளாஸ்டிக் ஸ்டீரிங் ஒன்றையும் வாங்கவைத்தார். அப்புறம் காலையில் டீ குடித்துவிட்டு உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வண்டியை ஓரம் கட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார். முந்துவதற்கு முன்னால் ஹாரன் அடிப்பார், அந்த வெளிநாட்டு ரோட்டில் யாருக்கு அடிக்கிறாரோ தெரியாது. கூலி டிரைவராக ஆரம்பித்து, லோடு லோடாக ஓட்டிச் சேர்த்து, விளையாட்டு பேங்கில் லோன் போட்டு ஒரு வண்டி வாங்கினார். இரண்டு வருஷத்தில் ஒன்பது வண்டி ஆனது. கம்பெனிக்கு அம்மாவின் பெயர். வேலைக்கு எடுத்த டிரைவர்களைப் பற்றிச் சாப்பிடும்போது புலம்புவார். "அந்த ஜெர்மன்காரன் வண்டிய எட்த்துகினு எங்க போறான்னே தெர்ல. ரெண்டு நாளா வருமானமே இல்ல." அம்மா நிஜமாகவே கவலைப்படுவாள்.

நான் விளையாட வேண்டுமென்றால் அவர் தூங்கும் நேரம் பார்க்க வேண்டும். எரிச்சலாக வரும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் எழுந்திருங்கள் என்று சொல்ல வாய் வராது.

போன ஆயுத பூஜை அன்று யார்டில் பூஜை. ட்ரெய்லருக்கெல்லாம் மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எடுத்தார்கள். நான் பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தால் நைனா கம்ப்யூட்டருக்கு எதிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். திரை கறுப்பாக இருக்கிறது.

"ஆன் ஆவல," என்றார். "உள்ள கடக் கடக்குனு சத்தம் வர்து."

காதை வைத்துக் கேட்டேன். ஹார்ட் டிஸ்க். இருந்தது அது ஒன்றுதான், விண்டோஸ், என் கேம், அவர் கேம் எல்லாம் அதற்குள்தான். உள்ளே தட்டு சுற்றும், தட்டை ஒட்டி ஊசிபோல ஒன்று ஓடிப் படிக்கும். அந்த ஊசி போய்விட்டால் இப்படித்தான் கத்தும். என் விளையாட்டை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். அவருடைய ஒன்பது வண்டிக்கு வேறு பிரதி கிடையாது. ஆன்லைனில் ஒரு பிரதி வைக்கலாம் என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். "நெட்டுல போனா துட்ட புடுங்கிடுவான்" என்று ஒவ்வொரு நாளும் நெட் வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் உட்காருவார்.

மறுநாள் கேபினெட்டை ஆட்டோவில் வைத்து காலடிப்பேட்டையில் ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் டிஸ்க்கைக் கழற்றி, தனியாக ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இது கீழ உழுந்துதா சிஸ்டர்?" என்றார்.

"இல்லை."

"ஓடிகினு இருக்கும்போது சாஞ்சா இப்டி ஆவும்."

"சாயறதுக்கு அது இன்னா தென்ன மரமா? வெச்ச எடத்துலதான் கீது," என்று எகிறினேன். பழைய பொருளை என் தலையில் கட்டிய ஆளைத் திட்டினேன். உப்புக்காற்றைத் திட்டினேன், கரண்ட்டைத் திட்டினேன். நைனா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கடை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இருப்பதை மீட்டுத் தர வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும், என் ஒரு மாதச் சம்பளம் ஆகும், வரும் என்ற உறுதியும் இல்லை என்றார் கடைக்காரர். நான் பேரம் பேச வாயைத் திறந்தேன். நைனா எழுந்து, "வுடும்மா, போலாம்," என்றார்.

வீட்டுக்கு வந்து கேபினெட்டை அதன் ஸ்டாண்டில் வைக்கப் போனேன். பெருக்க வசதியாக இருக்கும் என்று அம்மா கேட்டு வாங்கிய, நாலு சின்னச் சக்கரம் வைத்த ஸ்டாண்டு அது. ஒரு சக்கரம் சுற்றவில்லை. கவிழ்த்துப் பார்த்தேன். சக்கரத்தில் எலுமிச்சம்பழத் தோல் சிக்கியிருந்தது. இரண்டு கொட்டை, காய்ந்த குங்குமம்.

எனக்கு விளங்க அரை நிமிஷம் ஆனது.

"நைனா. நீ இத்த ஓட்னியா?"

அவர் அந்தச் சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்தார். பிறகு, "வண்டிக்கு பூஜ போட வோணாமா? போன வருசமும் போடல," என்றார். சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்திருக்கிறார். பூஜை போட்டு வண்டியை எடுக்கும்போது இன்ஜின் ஓட வேண்டும் அல்லவா, அதனால் கம்ப்யூட்டரையும் ஆன் செய்திருக்கிறார். முன்னால் தள்ளியிருக்கிறார். இடது பக்கச் சக்கரம் மேசைக் காலில் இடித்து, கேபினெட் அப்படியே குப்புற விழுந்திருக்கிறது. நான் வருவதற்குள் தூக்கி நிறுத்தி, சந்தனத்தையும் துடைத்துவிட்டிருக்கிறார்.

"அவ்ளோ பெரிய மேசை காலு, கண்ணுக்குத் தெரியலயா உனுக்கு?"

நான் அப்போது விடவில்லை, கடைக்காரன் முன்னால் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாய், இரண்டு வருஷ வண்டியை எலுமிச்சம்பழத்துக்குக் காவு கொடுத்துவிட்டாய் என்று கத்தினேன். அம்மா சமையலறையிலிருந்து, "தானே ஒடச்சிட்டு தானே ஒக்காந்துகினு கீறாரு, அவர போய் ஏண்டி," என்றாள்.

வேறு டிஸ்க் வாங்கக் கையில் இருந்தது மூவாயிரத்து ஐநூறு. அதற்குமேல் எடுத்தால் அந்த மாதம் கண் மருந்தில் கை வைக்க வேண்டும். ஆபீசில் வாயைத் திறந்தேன், ஆளாளுக்கு உபதேசம். புதுசு வாங்காதே, பழசு வாங்காதே. ஆன்லைனில் வாங்கு, ஆன்லைனில் வாங்கவே வாங்காதே, செங்கல்லை அனுப்புவான். ஒருவன் சொன்னதைக் கேட்டு எஸ்எஸ்டி என்கிற புது வகை டிஸ்க்கில் விலை குறைவான ஒன்றை ஆர்டர் போட்டால், அது என் போர்டில் இல்லாத ஓட்டையில் செருகுகிற வகை. வந்ததைத் திருப்பி அனுப்பி, காசு திரும்பி வருவதற்குள் நான் பார்த்துவைத்திருந்த இன்னொன்று நானூறு ரூபாய் ஏறிவிட்டது. அந்த வாரம் முழுக்க நைனா ஸ்டீரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதற்கு அதில் என்ன இருக்கிறது. ஒரு நாள் மத்தியானம் தூங்கி எழுந்து, "வண்டி எத்தினி நாளா நிக்குது?" என்று அம்மாவைக் கேட்டாராம். அம்மா அதை என்னிடம் சொல்லும்போது முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். எனக்குத் தாங்கவில்லை.

சனிக்கிழமை, கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போக மெட்ரோ ஏறினேன். நைனாவும் வருகிறேன் என்று கிளம்பினார். வண்டிச் சாமான் வாங்க டிரைவர் போகாமல் எப்படி என்று கேட்டார்.

கடையில் இருந்தவர் என்னைத் தாண்டி நைனாவைப் பார்த்து, "இன்னா சார், பையனுக்கு கேமிங்கா?" என்றார்.

"சிஸ்டம் என்னுது," என்றேன்.

"ஓ, மேடமா. மேடம் வெளாடுவீங்களா?"

"எங்க வுடுறாங்க? இவருதான் வெளாடுவாரு."

அந்த ஆள் நைனாவின் நரைத்த மீசையையும் சோடாபுட்டிக் கண்ணாடியையும் பார்த்தார். மூன்று டிஸ்க்கை எடுத்து வைத்தார். புது ஹார்ட் டிஸ்க், ஒரு டிபி. அதே விலைக்கு எஸ்எஸ்டி, ஆனால் ஐநூறு ஜிபிதான். மூன்றாவது, அதைவிட மலிவாக, இரண்டு டிபி, ஏதோ கடையில் சிசிடிவி பெட்டிக்குள் ராப்பகலாக ஓடிக் கழற்றிய பழசு.

நைனா மூன்றாவதைக் கையில் எடுத்து எடை பார்த்தார். "இதான் கனமா கீது. ரெண்டு வேற. இத்த வாங்கு."

"நைனா, அது ஓட்டித் தேஞ்ச வண்டி. மீட்டர் பாத்தா மயக்கம் வரும்."

"அப்ப இந்த ஒரு டிபி. அந்த இன்னொண்ணு இன்னா பாதிதான் கீது, தீப்பெட்டியாட்டம். லோடு எப்பிடி தாங்கும்?"

"அதுல உள்ள ஒண்ணும் சுத்தாது. அதான் விஷயம்."

"சுத்தாத வண்டி இன்னா வண்டி?"

கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கேம் ஒன்றே நூறு ஜிபிக்கு மேல் விழுங்கும். எனக்காக வாங்குவதாக இருந்தால் ஒரு டிபியை எடுத்திருப்பேன். ஆனால் அடுத்த ஆயுத பூஜை வரும். இந்த மனுஷன் எலுமிச்சம்பழத்தோடு வருவார், எத்தனை சத்தியம் வாங்கினாலும் வருவார். சுற்றாத பொருள்தான் எங்கள் வீட்டுக்குத் தாங்கும். ஐநூறு ஜிபியைக் காட்டி பில் போடச் சொன்னேன். திரும்பும் வழியெல்லாம் நைனா அந்தச் சின்ன டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, ஏமாந்துவிட்டோம் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

விண்டோஸ் போட்டு, கேமை இறக்கி முடிக்க மறுநாள் சாயங்காலம் ஆனது. நைனா குளித்துவிட்டு வந்து நின்றார். கையில் தட்டு.

"நைனா, வோணாம்."

"புது வண்டிம்மா. பூஜ போடாம எட்த்தா எப்பிடி?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இருந்தாலும் கம்ப்யூட்டர் ஆஃபில்தான் இருந்தது, உள்ளே சுற்ற எதுவும் இல்லை. செய்து தொலையட்டும் என்று விட்டேன். அவர் கீழே உட்கார்ந்து இரண்டு பழத்தை வைத்தார். மூன்றாவது, கையிலிருந்து உருண்டு அவருடைய இடது முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றது. மஞ்சளாக, பளிச்சென்று. அவர் தரையைத் தடவினார். தலையைத் திருப்பாமல், முன்னால் தடவினார், வலது பக்கம் தடவினார். பழம் கைக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது.

நான் குனிந்து எடுத்து அவரே வைத்ததுபோலச் சக்கரத்துக்கு அடியில் வைத்தேன். மேசைக் காலை நினைத்தேன். ஸ்டாண்டை நானே தள்ளினேன். பழம் நசுங்கியது.

கேமைத் திறந்தால் புது டிரைவர், கையில் காசு கிடையாது, கம்பெனி கொடுத்த வண்டி.

"மறுபடியும் கூலி வண்டியா?" என்றார் நைனா. சீட்டை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முதல் லோடு நன்றாகத்தான் போனது. கடைசியில் ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுத்துக் கிடங்கில் விட வேண்டும். அவர் தூக்கத்தில்கூடச் செய்கிற வேலை. இடது பக்கச் சுவரில் போய் இடித்தார். முன்னால் எடுத்து மறுபடி வந்தார், மறுபடியும் இடித்தார்.

"லெஃப்ட்ல செவுரு கீது நைனா, தெர்லயா?"

ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்தார். "தெர்ல."

"எப்பலேர்ந்து?"

"கொஞ்ச நாளாவே அந்தப் பக்கம் இல்ல. அம்மாகிட்ட சொல்லாத." கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "மொதல் தபா கூலி வண்டிலேர்ந்து ஒம்போது வண்டி வர்றதுக்கு ரெண்டு வருசம் ஆச்சு. இப்ப அவ்ளோ நாளு தாங்குமான்னு தெர்ல."

அவர் மீது எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை, மருந்தை ஒழுங்காக விட்டாயா, திங்கட்கிழமை லீவு போட்டு உன்னை இழுத்துக்கொண்டு போகிறேன் என்று திட்டித் தீர்த்தேன். திட்டும்போதே எனக்கு அழுகை வந்தது. அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சரி சரி, இந்தப் பக்கம் வந்து ஒக்காரு," என்று இடது பக்கத்தைக் காட்டினார். "பெரிய வண்டிய கிளீனர் இல்லாம எட்த்ததே தப்பு."

என் காசில் வாங்கிய கம்ப்யூட்டரில் எனக்குக் கிடைத்த வேலை கிளீனர். பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து அவருக்கு இடது பக்கம் போட்டு உட்கார்ந்தேன். யார்டில் ரிவர்ஸ் வரும் வண்டிக்கெல்லாம் பின்னால் நின்று கிளீனர்கள் வழி சொல்லிக் கத்துவதை நாள் பூராவும் கேட்கிறவள்தானே. நைனா ரிவர்ஸ் கியர் போட்டார்.

"வா, வா, வா," என்றேன். "ஒடி. இன்னும் கொஞ்சம் ஒடி. லெஃப்ட்ல எடம் கீது நைனா, நான் பாத்துக்கிறேன், நீ வா."