முதல் பிரசவமும் என் இன்சூரன்ஸ் கார்டும்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில், தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். மருத்துவ இன்சூரன்ஸுக்கென்று மாதாமாதம் என் சம்பளத்தில் ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வார்கள். பிடிப்பதில் ஒரு மாதம்கூட மறதி வந்ததில்லை. அந்தக் கார்டை நான் ஒழுங்காக எடுத்துப் படித்தது வயிற்றில் குழந்தை வந்து ஏழாம் மாதம் ஆன பிறகுதான்.

படிக்க வேண்டி வந்ததற்குக் காரணம் ஒரு ஸ்கேன். நச்சுக்கொடி கீழே இறங்கி கருப்பை வாயை ஒட்டிக் கிடக்கிறது என்றார்கள். ஸ்ரீபெரும்புதூரில் நான் காட்டிக்கொண்டிருந்த டாக்டரம்மா நல்ல மாதிரி. அங்கே இந்தக் கார்டையும் ஏற்றுக்கொள்வார்கள். "கொஞ்சம் ரத்தம் பட்டாலும் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்காதே. ஆபரேஷன் தியேட்டரும் ரத்தமும் இருக்கிற இடத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடு" என்று இரண்டு தடவை சொன்னார்.

அப்படியானால் அங்கேயே இருந்துவிடுவதுதானே புத்திசாலித்தனம்? அதைத்தான் நானும் சொன்னேன். யார் கேட்டார்கள்! வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்கு வந்தாக வேண்டும். முதல் பிரசவம் தாய்வீட்டில், தாய்வீட்டுச் செலவில். என் மாமியார் அதில் உறுதி, என் அம்மா அதைவிட உறுதி. "வளகாப்பு முட்ச்சிட்டு பொண்ண அங்கியே வுட்டுட்டு வந்தா, இட்டுக்கினு போக வக்கில்லன்னு ஊரு பேசாதா?" என்றாள் அம்மா. என் நச்சுக்கொடி எங்கே இருக்கிறது என்பது ஊருக்குத் தெரியாது. நான் எங்கே இருக்கிறேன் என்பது மட்டும் ஊருக்குத் தெரிய வேண்டும். கை நிறைய வளையலோடு உத்திரமேரூர் பக்கம் எங்கள் கிராமத்துக்கு வந்து சேர்ந்தேன்.

வந்த மறுநாளே போனில் கார்டு கம்பெனியின் ஆஸ்பத்திரி லிஸ்டைத் திறந்தேன். உத்திரமேரூர் என்று போட்டால் இரண்டு வந்தன. முதலாவது கண் ஆஸ்பத்திரி. இரண்டாவதன் பெயரில் மகப்பேறு என்றே இருந்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் போய் இறங்கி விசாரித்தால், அந்தக் கட்டடத்தில் டைல்ஸ் கடை நடக்கிறது. ஆஸ்பத்திரியை மூடி இரண்டு வருஷம் ஆகிறதாம். கடைக்காரர் பாவம், எனக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். "உங்கள மாதிரி மாசத்துக்கு ரெண்டு பேரு வந்துக்கினுதாம்மா கீறாங்க" என்றார்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே உதவி எண்ணைக் கூப்பிட்டேன். தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். எடுத்தவர் ஆங்கிலத்தில் ஆரம்பித்து, நான் விடாமல் தமிழிலேயே பேசியதும் தமிழுக்கு வந்தார்.

"மேடம், சிஸ்டத்துல அந்த ஹாஸ்பிடல் ஆக்டிவ்னு காட்டுது."

"நான் அந்த எடத்துலதாங்க உக்காந்துக்கினு கீறேன். சுத்தி டைல்ஸ்தான் கீது."

"சிஸ்டத்துல ஆக்டிவ்னுதான் மேடம் இருக்கு. வேற எதாவது உதவி வேணுமா?"

முதல் உதவியே இன்னும் செய்யவில்லை, வேறு உதவி வேண்டுமா என்று கேட்கிறான். அந்த நிமிஷம் அவன் எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ, அவனுடைய நல்ல நேரம்.

உத்திரமேரூரில் டாக்டரே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் சுற்று வட்டாரத்தில் பாதிப் பேர் பிறந்தது ஒரே டாக்டரம்மா கையில். வயதானவர், ஆறு படுக்கை வைத்த சின்ன நர்சிங் ஹோம். அவரிடம் போனேன். என் ரிப்போர்ட்டுகளை வரி விடாமல் படித்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், கடைசி ஸ்கேனில் எழுதாத ஒன்றைக்கூடச் சொன்னார். கார்டை நீட்டியதும் சிரித்துவிட்டார்.

"அவங்க லிஸ்ட்ல சேரணும்னா இத்தனை படுக்கை இருக்கணும்னு கணக்கு வச்சிருக்காங்கம்மா. என்கிட்ட ஆறுதான் இருக்கு. முப்பது வருஷமா பிரசவம் பார்க்கறேன், அதுக்கு அந்தப் படிவத்துல கட்டமே இல்ல."

மூடிப்போன ஆஸ்பத்திரிக்கு லிஸ்டில் இடம் இருக்கிறது, திறந்திருக்கும் டாக்டருக்கு இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். அவர் என் தோளைத் தட்டி, எப்படியும் உனக்குப் பெரிய இடம்தான் வேண்டும், இங்கே ரத்தம் கிடைக்காது என்றார்.

அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே பார்ப்பார்களே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் கிராமத்து நர்சக்காவும் கேட்டார். என் கர்ப்பகால அட்டையில் ஆபத்தான கர்ப்பம் என்று எழுதி, வாரம் தவறாமல் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்த்தவர் அவர்தான். கடைசியில் ஒன்றும் அமையாவிட்டால் அங்கேதான் போவது என்று எனக்குள் வைத்திருந்தேன். ஆனால் ஆறு வருஷமாக என்னிடம் பணத்தை வாங்கிக்கொண்டவன், எனக்குத் தேவை வரும்போது கையை விரிக்கலாமா? விடுவதில்லை என்று வீம்பு பிடித்துக்கொண்டேன்.

காஞ்சிபுரத்தில் ஒன்று கார்டு எடுத்தது. ஆனால் அங்கே பெண் டாக்டர் செவ்வாய், வெள்ளி மட்டும்தான் வருவாராம். ரத்தம் புதன்கிழமை பட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண் நோட்டைப் புரட்டி, "வியாழக்கிழமை வேணா கேட்டுப் பாக்கறேங்க" என்றாள். இன்னொரு இடத்தில் கார்டு செல்லும், ஆனால் மகப்பேற்றுக்குச் செல்லாது. மூன்றாவது இடத்தில், போய்விட்டு நாளை வாருங்கள், இன்சூரன்ஸ் பார்க்கிறவர் லீவு. இப்படியே மூன்று வாரம் ஓடியது. ஒவ்வொரு நாளும் பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அடிவயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செங்கல்பட்டில்தான் கிடைத்தது. தியேட்டர், ரத்தம், நாளெல்லாம் இருக்கும் டாக்டர், எல்லாவற்றையும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். எங்கள் வீட்டிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். இன்சூரன்ஸ் மேஜையில் இருந்த பெண் கார்டை வாங்கி, "சார் வரலைங்களா?" என்றாள். கார்டு என்னுடையது, சார் அதில் என்னைச் சார்ந்தவராக இருக்கிறார் என்றேன். திருப்பிப் பார்த்துவிட்டுப் பதிந்துகொண்டாள். அம்மா தூரத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து, "செங்கல்பட்டுல எடுத்துக்கறாங்க" என்று நைனாவிடம் சொன்னேன். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். "சரிம்மா" என்று சொல்லிவிட்டுக் கழனிக்குப் போய்விட்டார். அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒன்பதாம் மாதம் பிறந்த நாலாவது நாள், காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது ரத்தம் பட்டது. நைனா ஸ்டாண்டிலிருந்து கார் பிடித்து வந்தார். வழியெல்லாம் அம்மா சாமி பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். நாற்பது நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தோம். நேராகத் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பெண் குழந்தை. சின்னதுதான், ஆனால் குரலுக்குக் குறைவில்லை.

மாலையில் கண்ணைத் திறந்ததும் குழந்தையைப் பார்த்தேன், அப்புறம் கார்டைக் கேட்டேன். அது என் கைப்பையில் வைத்தபடி இருந்தது. அம்மா மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். நைனா அதைக் கொடுக்கவே இல்லையாம். கவுன்டரில், "கார்டுல்லாம் வோணாம், ரொக்கமா கட்டிர்றோம்" என்று எழுதிக் கொடுத்து, நவரைப் பட்டத்து நெல்லை விற்று வைத்திருந்ததை எடுத்துக் கட்டிவிட்டாராம். நான் செங்கல்பட்டு என்று சொன்ன அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாராம்.

தையல் போட்ட வயிறு என்பதையே மறந்து கத்தினேன். நைனா உள்ளே வந்தார்.

"மொதல் பிரசவம் நம்ம செலவும்மா. மாப்ள கார்ட நீட்டி ஆஸ்பத்திரி பாத்தன்னு நாளைக்கு உன்ன ஒரு வார்த்த சொல்லிட்டா?"

"மாப்ள கார்டா? நைனா, அது என் கார்டு!"

"உன் கார்டா? உனுக்கு ஏதும்மா கார்டு?"

கைப்பையை எடுக்கச் சொன்னேன். அவர் கார்டை வாங்கி ஜன்னல் பக்கம் போய் நின்று பார்த்தார். ஆங்கிலத்தில் என் பெயரைப் படிக்கத் தெரியும் அவருக்கு. முதல் வரியில் என் பெயர், அதற்குக் கீழே மாப்பிள்ளை பெயர்.

அவசரக் கேஸுக்குக் கார்டைக் கொடுக்க இருபத்துநாலு மணி நேரம் அவகாசம் உண்டு என்று நர்ஸ் சொன்னாள். நைனா கார்டோடு கீழே ஓடினார். என்ன நடந்தது என்று பின்னாலேயே போன அம்மா வந்து சொன்னாள். இந்தத் தடவை மேஜையில் வேறு ஆள். வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றானாம். "அவரு இன்னாத்துக்கு? எம் பொண்ணு வேல செஞ்சி வாங்கன கார்டு. மேல படுத்துக்கினு கீறா, அவளே போடுவா" என்று நைனா ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் போட்டாராம். படிவத்தை வாங்கி வந்து, ஊசி ஏறாத கைக்கு அடியில் எழுத வசதியாக ஒரு அட்டையை வைத்துப் பிடித்துக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் மதியம் அனுமதி வந்தது, கட்டியதைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

எனக்குக் கோபம் ஆறவில்லை. "யாரு கார்டுன்னு ஒரு வார்த்த என்னாண்ட கேட்டிருக்கலாம் இல்ல?" என்றேன்.

நைனா பேத்தியைப் பார்த்துக்கொண்டே, "நீ ஒரு வார்த்த சொல்லலியேம்மா" என்றார்.

நான் சொல்லவில்லையாம்! ஆறு வருஷம் இருட்டோடு எழுந்து சோற்று டப்பாவோடு கம்பெனி பஸ் ஏறினேனே, கல்யாணத்துக்கு முன்னால் பாதி நாள் ரோடு வரைக்கும் கொண்டுவந்து ஏற்றிவிட்டதே அவர்தானே. அதற்கு மேல் நான் என்னத்தைச் சொல்ல?