கல்லு ஓவர்சியர்

ஓவர்சியர் சிவஞானத்தின் எடை, நனைந்த சட்டையோடு சேர்த்தாலும் நாற்பது கிலோவைத் தாண்டாது. அதனால்தான் அவருக்கு இந்த வேலையே கிடைத்தது என்று ஜீப் டிரைவர் குழந்தைவேலு சத்தியம் செய்வார். விழப்போகும் வீடுகளுக்குள் புகுந்து பார்க்கிற வேலை. கனத்த ஆள் நுழைந்தால் வீடு தலையில் இறங்கிவிடும். சிவஞானம் நுழைந்தால், ஏதோ காற்று வந்து போகிறது என்று வீடு சும்மா இருந்துவிடும்.

அது அறுபத்தெட்டாம் வருஷம். தீவில் குடியேறியவர்களுக்கு அவசரத்தில் கட்டிக்கொடுத்த மூங்கில்தட்டி வீடுகளைக் கறையான் தின்று ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது. மழைக்கு முன்னால் எந்த வீட்டைப் பழுது பார்க்கலாம் என்று சிவஞானம் எழுதித் தரவேண்டும். முழ நீள ஸ்க்ரூடிரைவரைத் தூணில் குத்துவார். எவ்வளவு இறங்கியதோ அவ்வளவையும் எழுதுவார். ஒரு வீட்டில் ஸ்க்ரூடிரைவரோடு கையும் முழங்கை வரை உள்ளே போய், அந்தப் பக்கம் நின்ற கோழி விரலைக் கொத்திவிட்டது. கண்ணால் பார்க்காத எதையும் எழுதமாட்டார். அதில் மட்டும் மகா பிடிவாதம். ஊர் வீடுகளையெல்லாம் பார்த்தவர், டெலானிபூரில் தன் குவார்ட்டர்ஸில் மழைக்காலத்தில் குடைக்குக் கீழே இன்னொரு குடை பிடித்துத் தூங்கினார்.

அவரிடம் இருந்த ஒரே குறை வாய்தான். வங்காளி, தெலுங்கர், மலையாளி என்று வீடு வீடாகப் பேசி, நாக்கில் ஹிந்தி ஒட்டிக்கொண்டது. தமிழ் வீட்டிலும் தன்னை அறியாமல் அதையே கொட்டுவார்.

வண்டூர்ப் பக்கத்துக் குடியிருப்பில் கடைசி வீடு மீனாம்பாளுடையது. ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புருஷன் ஆறுமுகம் காட்டில் மரம் வெட்டும் கேம்ப்பில் இருந்தான். மாதம் ஒருமுறை வருவான். சிவஞானம் அவள் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. உள்ளே பார்க்க வெளிச்சம் போதவில்லை. ஜீப்பில் ஏறிக்கொண்டே, "பயப்படாதம்மா, கல் ஜரூர் ஆயேகா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய ஓட்டை ஹிந்தியில், நாளைக்குக் கட்டாயம் வருவேன் என்று அர்த்தம்.

மீனாம்பாளுக்குத் தெரிந்த ஹிந்தி ஒரே வார்த்தை. வந்திறங்கியதும், பின்னால் வரும் சாமானுக்காக ஃபீனிக்ஸ் பே கப்பல் ஜெட்டியில் காத்துக் கிடந்த நாட்களில், "ஜஹாஸ் ஆயேகா, ஜஹாஸ் ஆயேகா" என்று கத்திக்கொண்டே இருந்தார்கள், கப்பலும் வந்தது. ஆயேகா என்றால் வரும். ஜரூர் தமிழிலேயே உண்டு. கல் என்றால் கல். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

மறுநாள் ஜீப்பின் அச்சு முறிந்தது. சிவஞானம் வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று. வந்து பார்த்தால், நாலு தூணும் அதன்மேல் கூரையும் மட்டும் நின்றன. சுற்றிலும் முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் மாதிரி பள்ளம். கடப்பாரையோடு மீனாம்பாள் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை இரண்டும் கொப்பளம்.

"சுவரு எங்கம்மா?"

"பிரிச்சுட்டேன் சார். அஸ்திவாரத்துக்கு வானமும் தோண்டியாச்சு. கல்லு லாரி பின்னாடி வருதா?"

"எந்தக் கல்லு?"

"இது நல்லாருக்கே. கல்லு ஜரூரா ஆயேகான்னு நீங்கதானே சொன்னீங்க. ரோட்டப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு."

குழந்தைவேலு ஸ்டீயரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். சிவஞானத்துக்குச் சிரிப்பு வரவில்லை. நிற்கும் வீட்டுக்குத்தான் இந்த வருஷப் பழுது வேலை. சுவரே இல்லாதது விழுந்த வீடு. அது அடுத்த வருஷத்து லிஸ்ட். மழைக்கோ இரண்டு வாரம்தான்.

"ஹிந்தில கல்னா நாளைக்குன்னு அர்த்தம்மா. தப்பு என்னோடதுதான்."

அவள் பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். "கல்லும் வரல, நாளைக்கும் வரல" என்றாள்.

சிவஞானம் சட்டையைக் கழற்றித் தூணில் மாட்டினார். "பிரிச்ச தட்டியெல்லாம் எங்க?"

"அடுப்புக்கு வச்சிருக்கேன். ஒரு பக்கத்தது எரிஞ்சுபோச்சு."

"மூணு பக்கம் போதும். எடு."

ஜீப்பிலிருந்த கயிற்றை வைத்து மூன்று பேரும் மூன்று பக்கமும் தட்டியைக் கட்டி நிறுத்தினார்கள். பிறகு சிவஞானம் சட்டையைப் போட்டுக்கொண்டு ரோடு வரைக்கும் போய், அப்போதுதான் வருகிறவர் போலத் திரும்பி வந்தார்.

"வீட்ல யாரும்மா?"

"வாங்க சார், இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள் மீனாம்பாள்.

உள்ளே போய் ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் தொட்டார். தட்டி அப்படியே அவர்மேல் சாய்ந்தது. அதற்கு அடியில் கிடந்தபடியே எழுதினார்: 'சுவர் மூன்று பக்கம். நிற்கும். தொட்டால் நிற்காது.'

"கண்ணால பாக்காதத எழுதமாட்டீங்களே சார்" என்றார் குழந்தைவேலு, தட்டியைத் தூக்கிக்கொண்டே.

"பாத்தேனேப்பா. மண்டையாலயும் பாத்தேன்."

தூணில் சுண்ணாம்பால் வட்டம் போட்டார். வட்டம் போட்ட வீட்டுக்குப் பழுது வேலை உண்டு.

"எப்ப வேலைக்கு வருவாங்க?" என்று மீனாம்பாள் கேட்டாள்.

"க..." என்று ஆரம்பித்து வாயைப் பொத்திக்கொண்டார். "வர்ற திங்கக்கெழம."

"திங்கக்கெழமைக்கு ஹிந்தில வேற அர்த்தம் ஏதும் இருக்கா சார்? இப்பவே சொல்லிருங்க. கடப்பார கையிலதான் இருக்கு."

திங்கட்கிழமை ஜீப் மறுபடி படுத்துக்கொண்டது. சிவஞானம் தச்சரைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். பின்னால் மரமும் தகரமும் ஏற்றிய லாரி வந்தது. கல் அந்த லிஸ்ட்டிலேயே கிடையாது. அதனால் தன் குவார்ட்டர்ஸ் கொல்லையில் கிடந்த செங்கல் ஒன்றைத் துடைத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். நாற்பது கிலோ ஆள் அன்றைக்கு நாற்பத்துமூன்று கிலோ.

"இந்தாம்மா. ஆயேகான்னேனே, ஆயாச்சு."

மீனாம்பாள் வாங்கி, வாசலில் கால் வைக்கிற இடத்தில் பதித்தாள்.